துலாக்கோலும் பகுதிநேரப் பணியும்: இரண்டு தீர்ப்புகளை முன்வைத்து

‘பணி–குடும்பச் சமநிலை’ என்னும் தொடர் பெண்ணுழைப்புப் பற்றிய தமிழ்க் கட்டுரைகளில் இன்று தயக்கமின்றி எடுத்தாளப்படுகிறது. சமநிலை என்றதும் தமிழ் மரபில் முதலில் நினைவுக்கு வருவது, வள்ளுவர் நடுவுநிலைமைக்கு உவமையாக்கிய துலாக்கோல். அக்கோல் நிறுக்கப்படும் பொருளுக்குப் புறம்பானது. பணிக்குச் செல்லும் பெண்ணைப் பற்றிய பேச்சிலோ அவளே கோல். இரு தட்டுகளிலும் ஏற்றப்படும் பொருளும் அவளே. சாய்ந்தால் பழியும் அவளுக்கே. இவ்வுவமைப் பிறழ்வு வெறும் சொற்சிக்கல் அன்று. சட்டத்தின் போக்கிலும் அது காணக்கிடக்கிறது.

ஜெர்மனியின் பல்பொருள் அங்காடி ஒன்றில் 1961 முதல் 1976 வரை பணிபுரிந்த பெண்ணொருவர், 1972இல் பகுதிநேரத்துக்கு மாறினார். பகுதிநேரப் பணியாளர் நிறுவன ஓய்வூதியம் பெற 20 ஆண்டுகளில் 15 ஆண்டுகளேனும் முழுநேரம் உழைத்திருத்தல் வேண்டும் என்பது விதி. அவருக்கு அது மறுக்கப்பட்டது. இத்தகைய விலக்கு ஆண்களைவிடப் பெண்களையே மிகுதியும் பாதிக்குமாயின், பால் வேறுபாட்டோடு தொடர்பற்ற காரணத்தை நிறுவனம் மெய்ப்பித்தாலன்றி, அது சம ஊதியக் கோட்பாட்டுக்கு முரணாகும் என்று 1986 மே 13 அன்று ஐரோப்பிய நீதிமன்றம் தீர்ப்பளித்தது. தீர்ப்பின் புகழெல்லாம் இப்பகுதியைச் சார்ந்ததே. ஆனால், குடும்பப் பொறுப்புடையோரின் இடர்களைக் கருதி ஓய்வூதியத் திட்டத்தை வகுக்கும் கடப்பாடு நிறுவனத்துக்கு இல்லை என்றும் அதே தீர்ப்புக் கூறுகிறது. அங்காடியில் நின்ற நேரம் தட்டில் ஏறியது. பெண்களைப் பகுதிநேரத்துக்குத் தள்ளும் வீட்டுப்பொறுப்பு ஏறவில்லை. (நெதர்லாந்தின் 2000ஆம் ஆண்டுச் சட்டம் பணிநேரத்தைக் குறைக்கவும் கூட்டவும் கோரும் உரிமையை இருபாலார்க்கும் அளித்தது. குறைத்துக்கொண்டு உழைப்போர் அங்கும் மிகுதியும் பெண்களே.)

இதற்கு ஓராண்டு முன்னர், 1985இல், இந்திய உச்ச நீதிமன்றம் இதையொத்த வழக்கொன்றை எதிர்கொண்டது. வீட்டிலிருந்தபடி பீடி சுற்றுவோருக்கு வருங்கால வைப்பு நிதி உண்டா என்பது கேள்வி. மேற்பார்வை இல்லாத இடத்தில் செய்யும் வேலையைப் பணியென்று கொள்ளவியலாது என்பது உற்பத்தியாளர் தரப்பு. தரமற்ற பீடியைக் கழித்துவிடும் உரிமையே போதிய கட்டுப்பாடுதான் என்று நீதிமன்றம் விடையளித்து, நிதியை அவர்களுக்கும் உரியதாக்கியது. கழிக்கப்படும் பீடியைக் கொண்டே உழைப்பை நிறுவிய இத்தருக்கம் தமிழாய்வாளரின் கவனத்துக்கு உரியது.

தென்காசி, திருநெல்வேலிப் பகுதிகளில் முறத்தை மடியில் வைத்துச் சுற்றும் பெண்ணுக்குக் கூலி ஆயிரம் பீடிக்கு இவ்வளவு என்பதே, மணிக்கணக்கு இல்லை. ஆகவே அவர் முழுநேரத்தவரும் அல்லர், பகுதிநேரத்தவரும் அல்லர். ஐரோப்பியத் தொழிற்சட்டத்தில் பிறந்த சொல்லை அவர்மீது அப்படியே பொருத்தும்போது, அவருடைய நாளின் எப்பகுதி அளக்கப்படுகிறது என்பதை ஆய்வாளர் முதலில் சொல்லியாக வேண்டும். இலையை வெட்டிக்கொண்டிருக்கும்போதே அடுப்பில் உலை கொதிக்கிறது. அந்நேரம் எக்கணக்கில் சேரும் என்பதற்கு இவ்விரு தீர்ப்புகளிலும் விடை இல்லை.