நினைவழிப்பும் நல்வழிப்படுத்தலும்: அமெரிக்கச் சனரஞ்சக நாயகர் பற்றிய ஒரு நோக்கு

சனரஞ்சக எழுத்துக்களை இலக்கிய ஆய்வின் எல்லைக்குப் புறம்பானவை என ஒதுக்கிவிடும் போக்கு நம்மிடையே இன்னும் முற்றாக அற்றுப்போகவில்லை. ஆயின், அவசரமாக எழுதப்பட்டு, மலிவுத்தாளில் அச்சாகி, வாசித்ததும் வீசப்படும் கதைகளிலேயே ஒரு சமுதாயத்தின் கருத்துநிலை சில வேளைகளில் மிக வெளிப்படையாகத் தெரியும். கொடியவனைக் கொல்லாது, அவனது நினைவை அழித்தோ சித்தத்தைத் திரித்தோ நல்லவனாக்கும் நாயகன் அமெரிக்கச் சனரஞ்சகக் கதைகளில் மீண்டும் மீண்டும் தோன்றுகிறான். அவனது கருணையின் சமூக அடிப்படை யாது என்பதே இங்கு நம் வினா.

1933 மார்ச்சில் நியூ யோர்க்கின் ஸ்ட்ரீட் அன்ட் ஸ்மித் நிறுவனம் 'டொக் சவேஜ்' என்னும் சஞ்சிகையை வெளியிடத் தொடங்கிற்று. கென்னத் றொபேசன் என்னும் பொதுப் புனைபெயரில் அதன் நாவல்களிற் பெரும்பாலானவற்றை எழுதியவர் லெஸ்டர் டென்ற். நாயகன் வைத்தியன், விஞ்ஞானி, மல்லன். குழந்தைப் பருவம் முதல் மனித ஆற்றலின் உச்சத்தை எட்டும்படி பயிற்றப்பட்டவன். தான் பிடிக்கும் குற்றவாளிகளை அவன் நீதிமன்றத்திடம் விடுவதில்லை. நியூ யோர்க் மாநிலத்தின் வடபகுதியிலுள்ள இரகசிய நிலையமொன்றுக்கு அனுப்புகிறான். அங்கு நுண்ணிய மூளைச் சத்திரசிகிச்சையால் அவர்களது கடந்தகாலம் முழுவதும் அழிக்கப்படுகிறது. பின்னர் நல்லொழுக்கமும் ஒரு தொழிலும் கற்பிக்கப்பட்டு வெளியே விடப்படுகின்றனர். கதைகள் இந்நிலையத்தைக் கல்லூரி என்றே அழைக்கின்றன. (மணிமேகலையின் 'சிறைக்கோட்டம் அறக்கோட்டமாக்கிய காதை'யில் மாற்றப்படுவது சிறை, கைதியின் மூளையன்று.)

சஞ்சிகை தோன்றிய ஆண்டு கவனத்திற்குரியது. பெருமந்தத்தின் உச்சத்தில், அமெரிக்கத் தொழிலாளர் நால்வரில் ஒருவர் வேலையற்றிருந்த காலம் அது. அத்தகைய ஆண்டில் குற்றத்தின் வேரை மூளைத் திசுவிற் காண்பது வெறும் கற்பனை விளையாட்டன்று. பசி, வேலைநீக்கம், வங்கிகளின் வீழ்ச்சி ஆகியன குற்றத்தின் காரணப் பட்டியலிலிருந்து ஓசையின்றி நீக்கப்படுகின்றன. குற்றவாளியின் கொலை நினைவோடு அவனது வறுமையின் நினைவும், தன்னொத்தாரோடு சேர்ந்து நின்ற நினைவும் ஒருங்கே அழிகின்றன என்பதைக் கதாசிரியர் எண்ணிப் பார்ப்பதேயில்லை. எஞ்சுவது யார்? கடந்தகாலமற்ற, கோபமற்ற, கைத்தொழில் தெரிந்த ஓர் உடல். முதலாளி வர்க்கம் கனவு காணக்கூடிய பூரணத் தொழிலாளி இவனே. வெளியே அவனுக்கு வேலை எங்கே கிடைத்தது என்று கேட்பது மட்டும் கதையின் மரபுக்கு ஒவ்வாது.

இத்தனைக்கும் பணம் எங்கிருந்து வருகிறது? இவ்வினாவுக்குத் தொடரின் முதற்கதையே விடை தருகிறது. மத்திய அமெரிக்காவில் ஹிடால்கோ என்னும் கற்பனைக் குடியரசு. அதன் மறைந்த பள்ளத்தாக்கொன்றில் வாழும் மாயா இனத்தவரின் பொன். வானொலியில் வேண்டினாற் போதும், பொன் வந்து சேரும். மனிதகுலத்தின் நன்மைக்காக அவர்கள் விரும்பியே தருகின்றனராம்! அதனை அகழ்ந்தெடுப்போரின் உழைப்பைக் கதை நின்று நோக்குவதில்லை. நினைவழிக்கும் கூடம் நியூ யோர்க்கில். அதன் அத்திவாரம் தென்திசையில். ஏகாதிபத்தியத்துக்கும் மனிதாபிமானத்துக்கும் இடையிலான உறவை இத்துணை வெகுளித்தனமாக ஒப்புக்கொண்ட வேறொரு படைப்பை நான் அறியேன்.

சத்திரசிகிச்சை என்னும் எண்ணமும் ஆகாயத்திலிருந்து குதித்ததன்று. கட்டாயக் கருவள நீக்கச் சட்டத்தை இந்தியானா மாநிலம் 1907இலேயே இயற்றிற்று. 1927இல் அமெரிக்க உயர்நீதிமன்றம் 'பக் எதிர் பெல்' வழக்கில் அத்தகைய சட்டத்தை ஏற்றது. மனநோயாளரின் முன்மூளை நரம்புகளைத் துண்டிக்கும் முறையைப் போர்த்துக்கலின் எகாஸ் மொனிஸ் 1935இலும், அமெரிக்காவில் பிறீமனும் வாட்சும் 1936இலும் கையாண்டனர். கதை முந்திற்று, மருத்துவம் பிந்திற்று. ஒன்று மற்றொன்றைத் தோற்றுவித்தது என்பதன்று நம் வாதம். இரண்டும் ஒரே நம்பிக்கையில் வேர்கொண்டவை. மொனிஸுக்கு நோபல் பரிசு கிடைத்த 1949ஆம் ஆண்டிலேயே சவேஜின் சஞ்சிகையும் நின்றுபோயிற்று. அது தற்செயலே.

சமுதாயத்தை இரண்டாகப் பிரித்து, ஒரு பகுதியைச் சமுதாயத்துக்கு மேலே தூக்கிவைக்கும் கோட்பாட்டை 1845இல் ஃபொயர்பாக் பற்றிய மூன்றாவது ஆய்வுரையில் மார்க்ஸ் கண்டித்தார். பிறரைத் திருத்தப் புறப்படுபவனும் கற்பிக்கப்பட வேண்டியவனே என்பது அவ்வாய்வுரையின் சாரம். அதிமானுட நாயகன் என்ற இலக்கிய வகையே அம்மேற்பகுதியின் உருவம்.

இவ்வகையின் உள்ளிருந்தே இதனை வினாவிய படைப்பு, மார்க் குறூன்வால்ட் எழுதி 1985–86இல் மார்வெல் நிறுவனம் பன்னிரண்டு இதழ்களாக வெளியிட்ட 'ஸ்குவாட்ரன் சுப்ரீம்' சித்திரக்கதையாகும். அந்நிய சக்தியொன்றால் தம் சித்தம் அடிமைப்படுத்தப்பட்டிருந்த நாயகர்கள், விடுபட்டபின், சிதைந்த நாட்டை ஓராண்டில் பொன்னுலகாக்கச் சூளுரைக்கின்றனர். அதற்கு அவர்கள் கையிலெடுக்கும் கருவிகளுள் ஒன்று குற்றவாளிகளின் நடத்தையைத் திருத்தும் இயந்திரம். அடிமைப்பட்டவன் விடுதலையடைந்ததும் அதே விலங்கைத் தேடுகிறான். இம்முரணை ஆசிரியர் நன்கு பயன்படுத்தியுள்ளார். இயந்திரம் குற்றவாளிகளோடு நின்றுவிடவில்லை. தன்னை மணக்க மறுத்த லேடி லார்க் மீது கோல்டன் ஆச்சர் அதனைப் பிரயோகித்துக் காதலைப் பெறுகிறான். உண்மை வெளியானபின் அவன் வெளியேற்றப்படுகிறான். அவளாலோ அக்காதலினின்று விடுபட இயலவில்லை. திருத்தப்பட்டு அணியிற் சேர்ந்த ஏப் எக்ஸ், உறுப்பினர் ஒருவரின் இரண்டகத்தைக் கண்டறிகையில் இரு கட்டளைகளுக்கிடையே சிக்குண்டு செயலற்றுப்போகிறது. ஒழுக்கம் என்பது தெரிவு செய்யும் ஆற்றல் என்பதை எத்தனையோ விரிவுரைகளைவிட அச்சில பக்கங்கள் தெளிவாக்குகின்றன. ஓவியத்தின் தரத்தைப் பற்றி நான் அதிகம் சொல்ல மாட்டேன்.

முற்போக்கு வாசகர் இவ்விடத்தில் முதலாளித்துவத்தை மட்டும் குற்றஞ்சாட்டிவிட்டு அமைதியடைதல் முறையன்று. புதிய மனிதனை உருவாக்குவதாகச் சொன்ன சோவியத் ஒன்றியத்திலும் மாற்றுக்கருத்தாளர் மனநோயாளர் எனச் சான்றளிக்கப்பட்டு வைத்தியசாலைகளில் அடைக்கப்பட்டனர். இக்கண்டனத்தின் நடுவே 1983இல் சோவியத் மனநல மருத்துவர் சங்கம் உலகச் சங்கத்திலிருந்து விலகிக்கொண்டது. நிலைமைகளை மாற்றும் கடினமான பணி ஒத்திவைக்கப்படும்போது மனிதனை நேராகத் திருத்திவிடும் ஆசை எந்தக் கொடியின் கீழும் தலைதூக்கும். நம்மவர் பலர் அன்று இதனைப் பேச மறுத்தமை, சவேஜின் வாசகர் கல்லூரியின் கதவுகளைத் தட்டிப் பார்க்காததற்கு ஒப்பானதே.

2004இல் டீ.சீ. நிறுவனம் வெளியிட்ட, பிறாட் மெல்ற்சர் எழுதிய 'ஐடென்ரிற்றி கிறைசிஸ்' இப்பொருளை மீண்டும் எடுத்தது. சக வீரனின் மனைவியை வன்புணர்ந்த டொக்டர் லைற்றின் நினைவை ஜஸ்ரிஸ் லீக்கின் சிலர் வாக்கெடுத்து அழிக்கின்றனர். ஸற்றானாவின் மந்திரம் அத்துடன் அவனது இயல்பையும் மாற்ற முயல்கிறது. இதனைக் கண்டு தடுக்க வந்த பற்மனின் நினைவும் அழிக்கப்படுகிறது. குற்றம் அருவருப்பானது, ஆகவே வாசகரின் சம்மதம் எளிதிற் பெறப்படுகிறது. வன்புணர்வுக்கு உள்ளானவள் கதையில் ஒரு காரணமாக மட்டுமே நின்றுவிடுவது இப்படைப்பின் பெருங்குறை. மற்றொன்றும் உண்டு. டொக்டர் லைற் மந்தபுத்திக் கோமாளியாகக் குன்றிப்போனதைப் பற்றிக் கதைக்கு ஆழ்ந்த வருத்தமில்லை. அது துயருறுவது பற்மன் இழந்த சில நிமிடங்களுக்காகவே.