புலி நெய்யான கதை

ராஜபாளையத்திலிருந்து தினமும் பஸ் ஏறி ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பள்ளிக்கூடம் ஒன்றுக்குப் போய்வரும் ஆசிரிய நண்பர், ஐந்தாம் வகுப்புக்குப் படித்துக் காட்ட ஒரு கதைப் புத்தகம் கேட்டார். ஹெலன் பானர்மன் எழுதிய 'லிட்டில் பிளாக் சாம்போ'வைக் கொடுத்தேன்.

சென்னையில் வாழ்ந்த ஸ்காட்லாந்துக்கார அம்மாள் அவர். கோடைக்கானலில் விட்டுவந்த தம் பெண் குழந்தைகளுக்காக ரயிலிலேயே எழுதியது என்பார்கள். 1899-இல் லண்டனில் வெளிவந்தது. சிவப்புச் சட்டையும் பச்சைக் குடையுமாகக் காட்டுக்குப் போன சிறுவனிடம் நான்கு புலிகள் ஒவ்வொன்றாகப் பறித்துக்கொள்கின்றன. பிறகு, தம்மில் யார் பெரியவர் என்று சண்டை. மரத்தைச் சுற்றிச் சுற்றி ஓடி, உருகி, நெய்யாகிவிடுகின்றன. அந்த நெய்யில் சுட்ட அப்பங்களில் பையன் 169 தின்கிறான்! குழந்தையின் பசியை அறிந்த கை எழுதிய எண் அது. நீதி போதிக்கும் சிறுவர் நூல்கள் பத்தைக் கொடுத்தாலும் இந்த ஒன்றை நான் விடமாட்டேன்.

ஆனால் படங்கள்? அம்மாளே வரைந்தவை. தடித்த உதடு, உருட்டு விழி. கறுப்பரைக் கேலி செய்ய வெள்ளைக்காரர் மேடையில் பூசிக்கொண்ட வேஷம்தான். 'சாம்போ' என்பதே வசைச்சொல். 1932-லேயே கறுப்பினக் கவிஞர் லாங்ஸ்டன் ஹியூஸ் இந்தப் புத்தகத்தைக் கண்டித்தார்.

வகுப்பில் பிள்ளைகள் படத்தைப் பார்த்துச் சிரித்தார்களாம். அடுத்த கணம் கடைசிப் பெஞ்சுப் பையன் ஒருவனைத் திரும்பிப் பார்த்துச் சிரித்தார்கள். நண்பர் புத்தகத்தை மூடிவிட்டார். கரிய நிறத்தவனைத் தவிர வேறு யாரையும் மணக்கமாட்டேன் என்று நின்ற ஆண்டாளின் ஊர் அது! கருப்பசாமிக்குப் பொங்கல் வைக்கிற வீட்டுப் பிள்ளைகளும் அந்தச் சிரிப்பில் இருந்திருப்பார்கள்.

மூடியது தவறு என்றே எனக்குத் தோன்றுகிறது. சிரிப்பு மணி அடித்ததும் மைதானத்துக்கு வந்துவிடுமே! பையனை எழுப்பி நிறுத்தி அனுதாபம் காட்டச் சொல்லவில்லை. அது இன்னொரு கொடுமை. படம் போட்டது யார், யாரைப் பார்த்துப் போட்டார், புலியும் நெய்யும் உள்ள நம் நாட்டுக் கதையில் இந்த முகம் எப்படி வந்தது என்று கேட்டிருக்கலாம்.

1996-இல் இதே கதை இரண்டு புது உருவங்களில் வந்தது. ஃபிரெட் மார்செலினோ கதையை ஏறக்குறைய அப்படியே விட்டு, பெயர்களையும் படங்களையும் இந்தியமாக்கினார். பையன் 'பாபாஜி' ஆனான். ஜூலியஸ் லெஸ்டர், ஜெர்ரி பிங்க்னி என்ற கறுப்பின எழுத்தாளரும் ஓவியரும் கதையையே தங்களுடையதாக்கிக்கொண்டார்கள். மடியில் வைத்துச் சொல்லும் குழந்தைக்குப் புதியதே போதும். வகுப்புக்குப் பழையதும் பக்கத்தில் வேண்டும். கதை அதேதான், முகம் மட்டும் மாறியிருக்கிறது என்பதைப் பிள்ளைகளே கண்டுபிடிப்பார்கள்.

'பாபாஜி'யையும் வாங்கி அனுப்பினேன். 2021 முதல் புலிகள் காப்பகமாக இருக்கும் மலை அந்த வகுப்பு ஜன்னலில் தெரிகிறதாம். இரண்டு புத்தகங்களையும் மேஜைமேல் விரித்துவைத்துப் படித்தபோது, கடைசிப் பெஞ்சுப் பையன் எழுந்து கேட்டானாம்: "நாலு புலிக்கு எத்தனை படி நெய் தேறும் சார்?"