சுருங்குவது எது?

முழங்கையை மடக்கினால் மேற்கையில் தசை திரண்டு நிற்கிறது. காரணம் கேட்டால், "தசை சுருங்குகிறது" என்று மாணவர் உடனே சொல்வார். சரி, சுருங்குவது எது? இக்கேள்விக்குப் பெரும்பாலும் ஓர் உவமைதான் விடையாகக் கிடைக்கிறது. உவமை பிழையானால் பிழையே மனத்தில் வேரூன்றிவிடும். ஆகவே வாசகர்களே, மூன்று உவமைகளைச் சற்று உரைத்துப் பார்ப்போம்.

முதலாவது ரப்பர். இழுத்துவிட்ட ரப்பரில் அப்பொருளே நீளம் குறைகிறது. தசையில் அப்படியில்லை. எலும்புத் தசை என்பது இழைகளின் கற்றை. இழைக்குள் நுண்ணிழைகள், அவற்றின் நெடுகிலும் சார்கோமியர் எனும் கூறுகள், ஒரு மில்லிமீட்டருக்கு ஏறத்தாழ 400 வீதம் வரிசையாக உள்ளன. ஒவ்வொன்றிலும் மயோசின் புரதத்தாலான தடித்த இழைகளும் ஆக்டின் புரதத்தாலான மெல்லிய இழைகளும் கோத்த விரல்களைப்போல் அமைந்துள்ளன. 1954இல் ஆண்ட்ரூ ஹக்ஸ்லி, நீடர்கெர்கே ஆகியோர் ஒருபுறமும், ஹியூ ஹக்ஸ்லி, ஜீன் ஹான்சன் ஆகியோர் மறுபுறமும் ஒன்றையே கண்டனர்: தசை குறுகும்போது கரும்பட்டையின் அகலம் மாறவில்லை, வெளிர்பட்டையே குறுகியது. அதாவது, இழைகள் தம் நீளம் குறையாமல் ஒன்றினூடே ஒன்று நழுவுகின்றன. டைட்டின் என்ற மற்றொரு புரதம் ரப்பர்போல் நீண்டு மீள்வது உண்மையே. ஆனால் சுமையைத் தூக்கும் விசை அதிலிருந்து வருவதன்று.

இரண்டாவது தேர். திருவண்ணாமலையில் கார்த்திகைத் தீபத் திருவிழாவின் ஏழாம் நாள் தேரோட்டம். ஆயிரக்கணக்கானோர் வடம் பிடிக்கிறார்கள். வடம் ஓர் அங்குலமும் குறையவில்லை, தேர் நகர்கிறது! ரப்பரைவிட இவ்வுவமை எவ்வளவோ மேல். வடம் ஆக்டின், இழுக்கும் கைகள் மயோசினின் தலைகள். தடித்த இழை ஒன்றில் சுமார் 300 தலைகள் உண்டு. ஒரு தலை ஒரு முறை இழுக்கும் தூரம் மில்லிமீட்டரின் லட்சத்தில் ஒரு பங்களவே. சிறு இழுப்புகள் சேர்ந்தே பெரிய அசைவாகின்றன. ஆனால் குறையும் உண்டு. வடம் பிடித்தவர் பிடியை விடாமல் நடக்கிறார். மயோசின் தலையோ நின்ற இடத்திலிருந்தே பற்றும், இழுக்கும், விடும், மீண்டும் பற்றும்.

இந்தக் குறையைத் தீர்ப்பது நம் வீட்டுக் கிணறு. கயிற்றை ஒரு கை பற்றி இழுக்க, மறு கை விட்டு மேலே பற்றுகிறது. இரண்டும் ஒருசேர விட்டால் குடம் கிணற்றுக்குள்! தலைகளும் இப்படித்தான் மாறிமாறி இயங்குகின்றன. நரம்பின் ஆணை வந்ததும் தசை இழைக்குள் வெளிப்படும் கால்சியம், ஆக்டினில் பற்றுமிடங்களைத் திறந்துவிடுகிறது. பிடியை விடுவதற்கு ஏ.டி.பி. என்ற எரிபொருள் தேவை. இறந்த உடல் விறைப்பது அது தீர்ந்துபோவதால்தான். பற்றிய தலைகள் விட முடியாமல் நின்றுவிடுகின்றன.

மூன்றாம் உவமைக்கு இன்னொரு சிறப்பும் உண்டு. நிறைகுடத்தை மெல்லக் கீழே இறக்கிப் பாருங்கள். பிடித்திருக்கும்போதே கயிறு நழுவுகிறது, உள்ளங்கை கன்றிப்போகிறது. அண்ணாமலையில் ஸ்கந்தாசிரமம் வரை ஏறி இறங்கியவரின் தொடைத் தசைக்கும் இறங்கும்போது இதுவே நேர்கிறது. தசை விசை கொடுத்துக்கொண்டே நீள்கிறது! "சுருங்குதல்" என்ற சொல் இங்கே தோற்றுப்போகிறது. மறுநாள் தொடை வலித்தால், லாக்டிக் அமிலம் தேங்கிவிட்டது என்பார்கள். அந்த அமிலம் ஓய்வெடுத்த ஓரிரு மணி நேரத்திலேயே பழைய அளவுக்குத் திரும்பிவிடும். வலிக்குக் காரணம், நீண்டபடியே உழைத்த இழைகளில் ஏற்பட்ட நுண்ணிய சிதைவும் அதைத் தொடரும் அழற்சியும்.

உவமை வேண்டாம் என்பது நம் வாதமன்று. எந்த இடம்வரை அது பொருந்தும் என்பதையும் ஆசிரியர் சேர்த்துச் சொல்ல வேண்டும். மாணவர்களே, அடுத்த முறை "தசை சுருங்குகிறது" என்று எழுதும்போது, "இழைகள் நழுவுவதால்" என்ற இரு சொற்களையும் முன்னே சேர்த்து எழுதுங்கள். விடை அப்போதுதான் நிறைவுபெறும்.