ஹாரியட்டுக்கு மட்டும் மறுக்கப்பட்ட நீதி

1815 டிசம்பரில் வெளிவந்த ‘எம்மா’ நாவலில் ஜேன் ஆஸ்டின் கையாண்ட முறை துணிச்சலானது. கதை படர்க்கையில்தான் சொல்லப்படுகிறது. ஆனால் வாக்கியங்களுக்குள் ஓடுவது பெரும்பாலும் எம்மா உட்ஹவுஸின் எண்ணம். அவள் தவறாகக் கணிக்கும்போது, அது தவறு என்று ஆசிரியர் நம்மிடம் சொல்வதில்லை. எம்மாவின் தோழி ஹாரியட்டின் படத்துக்குச் சட்டம் போடப் பாதிரியார் எல்டன் லண்டன்வரை எடுத்துப்போவதை ஹாரியட் மீதுள்ள காதல் என்று எம்மா படிக்கிறாள். கிறிஸ்துமஸுக்கு முந்தைய இரவு, வண்டிக்குள் அவர் எம்மாவிடமே காதலைச் சொல்கிறார். எல்டன் விஷயத்தைக் கூர்மையான வாசகர் முன்பே பிடித்துவிடலாம். ஃபிராங்க் சர்ச்சிலும் ஜேன் ஃபேர்ஃபாக்ஸும் ரகசியமாக நிச்சயம் செய்துகொண்டதை முதல் வாசிப்பில் கண்டுபிடிப்பது அவ்வளவு எளிதல்ல. முடிவெட்ட லண்டன் போவதாக ஃபிராங்க் சொல்வது, ஜேனுக்குப் பெயரில்லாமல் பியானோ வந்து சேர்வது, ஜேனின் பெரியம்மா மிஸ் பேட்ஸின் ஓயாத பேச்சில் உதிரும் தகவல்கள் என எல்லாத் தடயங்களும் நம் கண்முன்தான் கிடக்கின்றன. மறுபடி படிக்கும்போது, மழையில் தனியே தபால் நிலையம் போகும் ஜேனின் தவிப்பு அத்தனை பக்கங்களிலும் தெரிகிறது. எம்மா காணாததை ஆசிரியர் மறைக்கவில்லை. இந்த முறையின் நேர்மை அங்கே இருக்கிறது.

அப்படியிருந்தும், பொறாமையை ஆஸ்டின் நடத்தும் விதத்தில் ஒரு சாய்வு இருப்பதாகக் குறை சொல்லலாம். ஜேன் மீதுள்ள பொறாமையால் எம்மா, ஜேனின் தோழியின் கணவர் டிக்ஸனோடு அவளை இணைத்து இல்லாத காதலைக் கற்பனை செய்து வெட்கப்படுகிறாள். எம்மாவின் குடும்ப நண்பர் நைட்லியோ ஃபிராங்கைப் பார்ப்பதற்கு முன்பே வெறுக்கிறார்; ஆனாலும் அவர் கணிப்பு பெரும்பாலும் பலித்துவிடுகிறது. இந்தக் குறை பாதிதான் சரி. எம்மா ஃபிராங்கை நேசிப்பதாக நம்பி லண்டனுக்கு விலகிப்போகும் நைட்லி, அவள் மனத்தைப் பொறுத்தவரை அவளைப் போலவே குருடர். ஃபிராங்கைப் பற்றிய தன் கருத்தில் பொறாமைக்கும் பங்கிருந்ததை அவரே உணர்கிறார்.

என் வழக்கு ஹாரியட்டைப் பற்றியது. விவசாயி ராபர்ட் மார்ட்டினை அவள் தானாகவே விரும்பினாள்; எம்மா கலைத்தாள். பிறகு எல்டன், பிறகு நைட்லி. நைட்லி மீதான ஆசையை அவள் வாய்திறந்து சொன்ன நொடியில்தான் எம்மாவுக்குத் தன் மனமே தெரிகிறது. நாவலின் உச்சம் அது. அதற்குப் பின் ஹாரியட்டை லண்டனுக்கு அனுப்பிவிடுகிறார் ஆசிரியர். அங்கே மார்ட்டின் மீண்டும் கேட்டு, அவள் சம்மதித்தாள் என்ற சேதி நைட்லி வழியாக வருகிறது. எல்டன் வைத்துவிட்டுப் போன பென்சில் துண்டைப் பொக்கிஷமாகச் சேர்த்தவள்தானே, அவள் மனம் எளிதில் மாறக்கூடியது என்று முன்பே காட்டியாயிற்று என்பார்கள். மாறியது உண்மை, ஆனால் எல்டன் பக்கம் அவளைத் தள்ளியது எம்மா. தள்ளப்பட்டவளின் அசைவை அவள் இயல்பென்று சொல்வது எம்மாவின் தீர்ப்பையே நாமும் எழுதுவதாகும். மார்ட்டினிடம் அவள் திரும்பியது எனக்கு நம்பும்படியே இருக்கிறது. எம்மாவிடம் நைட்லியை இழந்த வலி என்ன ஆயிற்று என்பதற்குத்தான் எத்தனை முறை படித்தாலும் தடயம் இல்லை. எம்மாவின் பார்வைக்குள்ளேயே நிற்பதென்றால் அவள் காணாததை எப்படிக் காட்டுவது என்று கேட்கலாம். ஜேன் விஷயத்தில் ஆஸ்டின் காட்டியிருக்கிறார். ஹாரியட்டுக்கு அப்படி ஒரு காட்சி தந்திருந்தால், எம்மாவின் மகிழ்ச்சிக்கு யார் விலை கொடுத்தார்கள் என்று கேட்க நேர்ந்திருக்கும்.