ஒரே சரணம், இரு கரைகள்

புத்தர், தம்மம், சங்கம் மூன்றிலும் சரணடைந்து பஞ்சசீலம் ஏற்பதே பௌத்தத்தின் வாசல். தேரவாதம், மகாயானம், வஜ்ரயானம் எல்லாவற்றுக்கும் இது பொது. தேரவாத இலங்கையிலும் அம்பேத்கரின் நவயானம் வேரூன்றிய மகாராஷ்டிரத்திலும் ஓதப்படும் பாளி வாசகங்கள்கூட ஒன்றே. அவற்றால் வாழ்வில் நடப்பதுதான் வேறு.

இலங்கையில் பௌர்ணமிதோறும் போயா விடுமுறை. வெள்ளை உடுத்தியவர்கள் காலையிலேயே விகாரைக்குப் போய், பிக்கு சொல்லச் சொல்லத் திருப்பிச் சொல்லி எட்டுச் சீலம் ஏற்கிறார்கள். 'சில் எடுப்பது' என்பது வழக்கு. நண்பகலுக்குப் பின் திட உணவு கிடையாது. பொழுது சாய்ந்ததும் பலர் வழக்கமான ஐந்து சீலங்களுக்குத் திரும்பிவிடுவார்கள். பிறப்பில் வந்த மதத்தை மாதந்தோறும் புதுப்பித்துக்கொள்ளும் அழகான வழக்கம் இது.

1956 அக்டோபர் 14 அன்று நாக்பூரில் நடந்தது புதுப்பித்தல் அல்ல, வெளியேறுதல். பர்மியத் துறவி சந்திரமணியிடம் முதலில் சரணம் பெற்ற அம்பேத்கர், பிறகு திரண்டிருந்த இலட்சக்கணக்கானோருக்குத் தாமே தீட்சை அளித்தார். இல்லறத்தார் ஒருவர் தீட்சை தருவது தேரவாத மரபுக்குப் புதிது. கூடவே 22 உறுதிமொழிகள். பிரம்மா, விஷ்ணு, மகேசுவரனை வணங்கமாட்டேன் என்பது முதலாவது. புத்தர் விஷ்ணுவின் அவதாரம் என்பதை ஏற்கமாட்டேன் என்பது ஐந்தாவது. இலங்கையிலோ விஷ்ணு பௌத்தத்தின் காவல் தெய்வம். சீலம் எடுத்தவர்களே விகாரை வளாகத்துத் தேவாலயத்தில் அவருக்கும் கதிர்காமத் தெய்வத்துக்கும் தட்டு வைக்கிறார்கள். அவர்களுக்கு அதில் முரண் இல்லை. நாக்பூரில் நின்றவர்களுக்கு அந்தத் தெய்வங்களைத் துறப்பது தங்களைத் தீண்டத்தகாதோராக்கிய அமைப்பையே துறப்பது.

சாதி விஷயத்தில் நான் நாக்பூரின் பக்கம். 1753இல் சயாம் பிக்குகளால் கண்டியில் மீட்கப்பட்ட உபசம்பதா என்னும் முழுத் துறவேற்பு, பின்னர் கொவிகமச் சாதியினருக்கு மட்டும் என்றானது. மறுக்கப்பட்டவர்கள் பர்மாவுக்குக் கப்பலேறி, 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அமரபுர நிகாயம் என்ற தனிப் பிக்கு மரபை நிறுவினார்கள். புத்தர் திறந்துவைத்த சங்கத்துக்குள்ளேயே சாதி புகுந்தது என்பது வலிக்கும் செய்தி.

இரு கரைகளையும் இணைத்தவர் நம் அயோத்திதாசர். 1898இல் பிரம்மஞான சபையின் ஆல்காட்டுடன் கொழும்பு சென்று சுமங்கல தேரரிடம் பஞ்சசீலம் பெற்றார். சரணம் தந்தது இலங்கைத் தேரவாதம். பெற்றவரின் நோக்கமோ சாதியிலிருந்து விடுதலை. திரும்பி வந்து அவர் தொடங்கிய சாக்கிய பௌத்த சங்கம் கோலார் தங்கவயல் வரை கிளை பரப்பியபோது, நாக்பூர் தீட்சைக்கு இன்னும் அரை நூற்றாண்டு இருந்தது.