'கட்டணம் இல்லை' என்றால் இலவசமா?

என் மனைவி ஜெர்மனியில் படிக்கிறார். வாடகைக்கும் செலவுக்கும் இங்கிருந்து நான் பணம் அனுப்புகிறேன். எதில் அனுப்பலாம் என்று ஒப்பிடும் பட்டியல்கள் பல பார்த்தேன். பெரும்பாலும் கட்டணத்தைத்தான் முதலில் காட்டுகின்றன. கோளாறே அங்கேதான்.

ஒரு கணக்கு போட்டுப் பாருங்க. சந்தையில் ஒரு யூரோ 100 ரூபாய், கையில் 2 லட்சம் என்று வைத்துக்கொள்வோம். 'கட்டணமே இல்லை' என்கிற நிறுவனம் யூரோவை 102.50க்கு விற்கிறது: போய்ச் சேர்வது 1,951 யூரோ. இன்னொன்று 1,000 ரூபாய் கட்டணம் பிடித்துக்கொண்டு 100.50க்குத் தருகிறது: 1,980 யூரோ. இலவசத்தில் போனது 29 யூரோ! (ஜிஎஸ்டியை இதில் சேர்க்கவில்லை.)

அடுத்தது, வங்கி மூலம் ஸ்விஃப்ட் வழி. வெளிநாட்டு வங்கிக் கட்டணம் யாருடையது என்று படிவத்தில் ஒரு கட்டம் இருக்கும். 'பகிர்வு' என்று போட்டால், இடையில் வரும் வங்கி அனுப்பிய தொகையிலேயே பிடித்துக்கொள்ளலாம். எங்கள் கிளையில் என்னைக் கேட்காமலே அதில் டிக் போட்டுவிட்டார்கள். "வாடகைக்கு 20 யூரோ குறையுதுங்க" என்று அவர் போன் செய்தபோதுதான் எனக்கே தெரிந்தது.

ஆக, கேட்க வேண்டியது ஒன்றுதான்: இத்தனை ரூபாய் கொடுத்தால் அங்கே கணக்கில் எத்தனை யூரோ விழும்? ஒரே நாளில், ஒரே நேரத்தில் எல்லாரிடமும் கேளுங்க. சொல்லத் தயங்கும் இடத்தை நான் பட்டியலிலிருந்தே எடுத்துவிட்டேன்.