முதுகுளத்தூரிலிருந்து ‘1984’

ஜார்ஜ் ஆர்வெல்லின் ‘1984’ நாவலைப் பற்றித் தமிழில் எழுதப்படுபவை பெரும்பாலும் ஒரே தடத்தில் போகின்றன. ஸ்டாலினின் ரஷ்யாவை மனத்தில் வைத்து எழுதிய நாவல், நெருக்கடி நிலைக் காலத்துக்குப் பொருந்தியது, இன்று கைப்பேசிக்கும் முகமறி கேமராவுக்கும் பொருந்துகிறது என்று சொல்லி, வருங்காலத்தை ஒருவர் முன்பே கண்டுவிட்டாரே என்ற வியப்பில் கட்டுரை முடிந்துவிடும். இந்த வாசிப்பு தவறல்ல, அரைகுறையானது. ராமநாதபுரம் மாவட்டத்தில் வைத்துப் படித்தால் அந்த நாவலில் வருங்காலத்தைவிடக் கடந்த காலமே அதிகம் தெரியும். அப்படிப் படிக்கும்போதுதான் இன்றைக்கு அது எதற்கு உதவும் என்பதும் பிடிபடுகிறது.

கொடுங்கோல் வருங்காலத்தைக் கற்பனை செய்யும் நாவல்களின் வரலாற்றை எழுதுவோர் ரஷ்ய எழுத்தாளர் ஜாம்யாத்தினின் ‘நாங்கள்’ தொடங்கி, ஹக்ஸ்லியின் 1932ஆம் ஆண்டு நாவல் வழியாக ஆர்வெல்லிடம் வந்து சேர்வார்கள். கண்ணாடிச் சுவர் வீடுகளும் பெயருக்குப் பதிலாக எண்களும் ஜாம்யாத்தினிடமே உண்டு. அந்த நாவலுக்கு ஆர்வெல் 1946இல் மதிப்புரை எழுதியிருப்பதால் இந்தக் கடனை நிரூபிக்கச் சிரமப்பட வேண்டியதில்லை. இலக்கியக் கடனைத் தேடுகிறவர்கள் உத்தியோகக் கடனை விட்டுவிடுகிறார்கள். ஆர்வெல் 1903இல் பிகாரின் மோதிஹாரியில் பிறந்தவர், அபினி இலாகா அதிகாரியின் மகன். 1922 முதல் 1927 வரை பர்மாவில் இந்திய இம்பீரியல் போலீசில் வேலை பார்த்தார். பர்மா அப்போது பிரிட்டிஷ் இந்தியாவின் ஒரு மாகாணம். அந்தப் போலீஸ், கைரேகையில் லண்டனுக்கே முன்னோடி. கைரேகை அலுவலகம் கல்கத்தாவில் 1897இலேயே வந்துவிட்டது; லண்டன் ஸ்காட்லாந்து யார்டுக்கு அது 1901இல்தான் போய்ச் சேர்ந்தது.

அந்த ரேகை நம் பக்கத்தில் என்ன செய்தது? வட இந்தியாவில் 1871இல் பிறந்த குற்றப்பரம்பரைச் சட்டம் 1911இல் சென்னை மாகாணத்துக்கும் வந்தது. மக்கள் அதை ரேகைச் சட்டம் என்றார்கள். உசிலம்பட்டிப் பக்கம் பெருங்காமநல்லூரில் ரேகை வைக்க மறுத்த கள்ளர்கள்மீது 1920 ஏப்ரல் 3 அன்று துப்பாக்கிச்சூடு நடந்தது. 1929இல் முதுகுளத்தூர், கமுதி வட்டாரத்து ஆப்பநாட்டு மறவர்கள்மீது சட்டம் பாய்ந்தது. ஒரு சாதி முழுவதையும் அரசாணையில் அறிவித்துவிட்டால் போதும், தனி மனிதன் குற்றம் செய்திருக்க வேண்டிய தேவையில்லை. வயதுவந்த ஆண் ரேகை வைத்துப் பதிவேட்டில் ஏற வேண்டும், போலீஸ் கண்ணில் படும் இடத்தில் இரவைக் கழிக்க வேண்டும், வெளியூர் போக அனுமதிச் சீட்டு வாங்க வேண்டும். நாவலில் செயலுக்கு முன்பே எண்ணம் குற்றமாகிறது. இங்கே எண்ணத்துக்கும் முன்பே பிறப்பு குற்றமானது. முத்துராமலிங்கத் தேவர் முதலியோரின் நெடிய போராட்டத்துக்குப் பின் 1947 ஜூனில் மாகாண அரசு சட்டத்தை நீக்கியது. சரியாக இரண்டு ஆண்டு கழித்து, 1949 ஜூனில், ‘1984’ வெளியானது.

இந்த ஒப்பீடு மிகை என்று மறுக்கலாம். ஆர்வெல்லின் கட்சிக்கு மனிதனின் மனமும் வேண்டும், அன்பும் வேண்டும். கமுதி ஏட்டுக்கு ஆள் வந்து படுத்தால் போதும். இந்த வேறுபாடு உண்மைதான். இதைவிடப் பெரிய வேறுபாடு ஒன்றும் உண்டு. நாவலில் கண்காணிப்புத் திரை கட்சிக்காரர்களின் அறையில் இருக்கிறது. நூற்றுக்கு எண்பத்தைந்து பேரான பாமரர்களை அரசு பெரும்பாலும் கண்டுகொள்வதில்லை. காலனியில் நடந்ததோ இதற்கு நேர்மாறு. காவலில் இருந்தது பாமரன். மேலே இருந்தவன் காவல்காரன். அந்தக் காவல் மேல்தட்டின் பக்கம் திரும்பினால் என்ன ஆகும் என்று முன்னாள் போலீஸ்காரர் ஒருவர் கற்பனை செய்ததாக நாவலைப் படிக்க இடமிருக்கிறது. நடுத்தர வர்க்க வாசகரை அது இன்றும் நடுங்க வைப்பதற்கு இதுவே காரணம் என்பேன். ஆகவே கைப்பேசி ஒட்டுக்கேட்கிறது என்ற அச்சத்தோடு வாசிப்பை நிறுத்திக்கொள்வது, நாவலின் தலைகீழ்ப் படத்தையே உலகம் என்று எடுத்துக்கொள்வதாகும்.

ராமேஸ்வரம் கரையில் படம் இன்னும் நேராகவே இருக்கிறது. விசைப்படகு கடலுக்குப் போக மீன்வளத்துறை டோக்கன் வேண்டும். மும்பைத் தாக்குதலுக்குப் பிறகு மீனவர்களுக்கு ரேகை பதித்த அடையாள அட்டை வந்தது. மண்டபம் முகாமில் 1983க்குப் பின் வந்த இலங்கைத் தமிழர் குடும்பங்கள் ஆள் கணக்கெடுப்புக்கு நேரில் நிற்க வேண்டும். அன்று இல்லாவிட்டால் அரசு தரும் பணக்கொடைக்கு ஆபத்து. இவற்றை ரேகைச் சட்டத்தோடு சேர்த்துப் பேசுவது அநியாயம், பதிவு இருப்பதால்தானே உதவி கிடைக்கிறது என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி. புயலில் படகு காணாமல் போனால் தேடுவதற்கு அந்த டோக்கன் பயன்படும். பணக்கொடையும் வெறும் சொல் அல்ல. பதிவேடு இருப்பதை நான் குறை சொல்லவில்லை. எதற்காக வாங்கிய விவரம் எதற்குப் போகிறது, தன்னைப் பற்றி எழுதியிருப்பதைப் பார்க்கவும் திருத்தவும் உரிமை உண்டா, பதிவிலிருந்து வெளியேற வழி உண்டா என்பவையே கேள்வி. நாவலின் நாயகனுக்கு இவற்றில் ஒன்றும் வாய்க்கவில்லை. அவனுக்கு வேலையே பழைய பத்திரிகைகளைத் திருத்தி எழுதுவதுதான்.

அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் அமர்வு 2017இல் ஒருமனதாகச் சொன்னது. அதற்கு ஐந்தாண்டுக்குப் பின் வந்த குற்றவியல் நடைமுறை அடையாளச் சட்டம், 1920ஆம் ஆண்டுக் கைதிகள் அடையாளச் சட்டத்தின் இடத்தைப் பிடித்தது. கைதானவர்களிடமிருந்து விரல், உள்ளங்கை ரேகைகளோடு கருவிழிப் படத்தையும் உயிரியல் மாதிரிகளையும் எடுக்க அது வழி செய்கிறது. விசாரணையின்றி விடுவிக்கப்பட்டவர்களின், குற்றமற்றவர் என்று தீர்ப்பானவர்களின் பதிவுகளை அழிக்க விதி உண்டு. நீதிமன்றம் வேறுவிதமாக உத்தரவிட்டால் அழிக்க வேண்டியதில்லை. மற்றவர்களின் பதிவுகளை 75 ஆண்டுகள் வைத்திருக்கலாம்.